பாட்டி படிக்க முடியாத தமிழ்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளைஞர்களும் இணையமும் என்று தலைப்பு வைத்தால் பெரும்பாலும் இரண்டு பேச்சுகள்தாம் எழும். இணையத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது ஒன்று. இணையத்தால் உலகம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்டுக் கேட்டு நேயர்கள் சலித்திருப்பார்கள். ஆகவே இன்று அவற்றை விட்டுவிடுவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வீடுகளில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிற, ஆனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு சிறிய காரியத்தைப் பற்றிப் பேசலாம். நம் இளைஞர்கள் கைப்பேசியில் தமிழை எந்த எழுத்தில் எழுதுகிறார்கள் என்பதுதான் அது.

கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெண்ணாகவும் இருக்கலாம். கணக்காய்வு நிறுவனமோ மென்பொருள் நிறுவனமோ, எதுவானாலும் சரி. இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கைப்பேசி வெளியே வருகிறது. மேலாளரின் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் பதில் போகிறது. வருமான வரிக் கணக்கு என்றால் மலாய். மாலையில் மழை வந்தால் கிராப் வண்டி. 2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் தொடங்கிய சேவைதான் அது. இத்தனைக்கும் நடுவே குடும்பக் குழு ஒன்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பத்திரிகைகள் அழகாகப் புலனம் என்று எழுதுகின்றனவே, அதுதான். அம்மா, சித்தி, மாமா, பாட்டி எல்லாரும் அதில் உண்டு. அங்கே அவர் எழுதுவது தமிழ்தான், சந்தேகமே வேண்டாம். சொல் தமிழ், வாக்கியம் தமிழ், கிண்டலும் தமிழ். எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. மலாய்க்காரர்கள் ரூமி என்று சொல்லும் அதே எழுத்து.

குழுவில் இருக்கும் பாட்டி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். ஆறாம் வகுப்பு தாண்டியிருக்க மாட்டார். ஆனால் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். பேரன் எழுதியதில் தனக்கு ஏதோ சேதி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிகிறது, தன் பேரனின் படம் பக்கத்தில் இருக்கிறதே. என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. மருமகள் வேலை முடிந்து வரும்வரை கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். படிக்கத் தெரிந்த ஒருவர், தாய்மொழியில் வந்த செய்தியைப் படிக்க முடியாமல் இன்னொருவரிடம் நீட்டுகிறார். எழுத்தறியாத அந்தக் காலத்தில் நாட்டிலிருந்து வந்த கடிதத்தைத் தோட்டத்துக் கிராணியிடமோ வாத்தியாரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார்களே, அந்த நிலைமை எழுத்தறிந்த பிறகும் திரும்ப வந்திருக்கிறது.

குரல்பதிவு இருக்கிறதே, அதை அனுப்பிவிட்டால் போகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் சமாளிக்கின்றன. ஆனால் மருந்து எத்தனை வேளை, எந்தத் தேதியில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதைக் குரலில் அனுப்பிப் பாருங்கள். நான்கு நிமிடப் பேச்சில் அந்தத் தேதி எங்கே வருகிறது என்று தேடி, பாட்டி அதை ஐந்து முறை திரும்பக் கேட்க வேண்டும். எழுத்தாக இருந்தால் ஒரு பார்வை போதும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? இளைஞர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு காலத்தில் வேறு வழியே இருக்கவில்லை. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஓரிடத்தில் தமிழாக எழுதி அனுப்பினால், அடுத்த இடத்தில் கொம்பும் கேள்விக்குறியுமாகப் போய் நிற்கும். யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991லேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் சாதாரண மனிதரின் கணினிக்கு அது வந்து சேரப் பத்தாண்டுக்குமேல் ஆயிற்று.

பிறகு கைப்பேசி வந்தது, குறுஞ்செய்தி வந்தது. குறுஞ்செய்தியின் கணக்கு ஒன்று பலருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடில் தமிழை எழுதினால் 70 இடங்கள்தாம். அந்த எழுபதிலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம் என்று போய்விடும். வணக்கம் என்னும் சொல் நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ, இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஏழு இடம். செய்திக்கு இத்தனை காசு என்று கட்டணம் வாங்கிய காலத்தில், ஒரே செய்தியில் முடிவதை இரண்டாகவோ மூன்றாகவோ யார் அனுப்புவார்கள்? போதாக்குறைக்கு, அனுப்பிய தமிழ் எதிர்முனைக் கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதைக் கையில் காசும் நேரமும் குறைவாக இருந்த தலைமுறை தன் வசதிக்குக் கண்டுபிடித்தது. அதில் கெட்டிக்காரத்தனமும் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிக்கலை அவிழ்க்கும் வேலையில் பெரும்பங்கு இதே கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் நடந்தது. கிள்ளானுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த கேரித் தீவில் வேர்கொண்ட குடும்பம் ஒன்று உண்டு. அதன் தலைவர் முரசு நெடுமாறன், ஆசிரியர், கவிஞர். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தவர் என்று இந்தப் பக்கத்தின் வாசகர்கள் அறிவார்கள். அவர் மகன் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு வாக்கில் தமிழுக்கென்று 'முரசு' என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதுவே பின்னர் முரசு அஞ்சல் ஆயிற்று. கணினி வல்லுநர்கள் பலர் தமிழை வைத்துச் சோதனை செய்து, கட்டுரை வாசித்துவிட்டுப் போன காலத்தில், இவர் அதை நாலு பேர் நாள்தோறும் பயன்படுத்தும் பொருளாக ஆக்கினார்.

2001 ஆகஸ்டில் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இந்த மாநாடுகளுக்கு 1997இல் சிங்கப்பூரில் வித்திட்டவர் நா. கோவிந்தசாமி. கணியன் என்னும் பெயரில் தமிழ் இணையத்துக்கு அடித்தளம் போட்ட அவர் 1999இல் காலமாகிவிட்டார். இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் கைப்பேசியில் தமிழ் ஓடுவதைப் பார்த்திருப்பார். 2013இல் அதே மாநாடு மறுபடியும் கோலாலம்பூருக்கு, மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

இரண்டுக்கும் நடுவே, 2005 பொங்கலை ஒட்டிச் 'செல்லினம்' வெளிவந்தது. கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுத வழிசெய்த செயலி அது. முதலில் சிங்கப்பூர், பிறகு மலேசியா. இன்றுள்ள தொடுதிரைகள் எவையும் அன்று இல்லை. எண்களை மட்டுமே தாங்கிய பொத்தான்களில், ஒரு பொத்தானை இரண்டு மூன்று முறை தட்டித் தமிழ் எழுத வேண்டிய காலம். பின்னாளில் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் செல்லினம் வந்தது. ஆப்பிள் கணினிகளிலேயே அஞ்சல் விசைமுறையும் முத்து நெடுமாறனின் தமிழ் எழுத்துருக்களும் இடம்பெற்றன. உலகின் எந்த மூலையில் ஒரு தமிழர் ஆப்பிள் கணினியைத் திறந்தாலும், கிள்ளான் பக்கத்து மனிதர் ஒருவரின் கைவண்ணம் அதற்குள் இருக்கிறது. நம் ஊர் மேடைகளில் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சினிமா நட்சத்திரம் கிள்ளானுக்கு வந்தால் தெங்கு கிளானா சாலை அடைத்துப் போகும், அது வேறு கதை.

ஆக, கருவி இல்லை என்ற காரணம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. புலனத்தில் எழுத்துக்குக் காசு இல்லை, எழுபது இடம் என்ற கணக்கும் இல்லை. அனுப்பிய தமிழ் எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. பின் ஏன் ரயிலில் இருக்கும் நம் இளைஞர் இன்னும் ரூமியிலேயே எழுதுகிறார்?

நேரம் மிச்சம் என்பார். இந்தப் பதிலைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவருடைய அலுவலகத்தில் பக்கத்து மேசையில் சீன நண்பர் ஒருவர் இருப்பார். அவர் தம் அம்மாவுக்குச் செய்தி எழுதுவதைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். சீன மொழியில் ஆயிரக்கணக்கான எழுத்துருவங்கள். அவற்றைத் தட்டெழுத 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறையைத்தான் மிகப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதாவது, அவரும் ஆங்கில எழுத்துகளையே தட்டுகிறார். தட்டியதும் திரையில் சீன எழுத்து வருகிறது, அதைத்தான் அவர் அனுப்புகிறார். ஆங்கில எழுத்தை அப்படியே அனுப்பும் பேச்சே இல்லை.

அஞ்சல் விசைமுறையும் அதே சங்கதிதான். ஆங்கில எழுத்தில் அம்மா என்று ஒலிப்படி தட்டினால் தமிழில் அம்மா என்று வந்து நிற்கும். விரலுக்கு ஒரே வேலை, ஒரே நேரம். கூடுதலாகச் செய்ய வேண்டியது, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்ற ஒரே ஒரு தட்டு. அந்த ஒரு தட்டுக்காகவா ஒரு தலைமுறை எழுத்தை விட்டது? நம்புவதற்கில்லை.

உண்மைக் காரணம் வேறு. அதை இளைஞர்கள் வெளியே சொல்வதில்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் பிழை தெரியும். ரூமியில் எழுதினால் தெரியாது.

ஆங்கிலத்தில் எல் என்னும் ஓர் எழுத்தைத் தட்டினால், அது லகரமா ளகரமா ழகரமா என்று எழுதியவர் முடிவெடுக்க வேண்டியதில்லை. என் என்று தட்டினால் நகரம், னகரம், ணகரம் மூன்றும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வல்லின றகரமா இடையின ரகரமா என்ற கவலை இல்லை. ஒற்று மிகுமா மிகாதா என்ற பேச்சே இல்லை. பட்டப்படிப்பு முடித்து, ஆங்கிலத்தில் ஐம்பது பக்க அறிக்கை தயாரிக்கிற ஒருவருக்கு, தமிழில் நான்கு வரி எழுதினால் நான்கு பிழை வருமோ என்று கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ரூமி நல்ல போர்வை. அங்கே எப்படி எழுதினாலும் சரி, யாரும் திருத்த முடியாது.

இந்தக் கூச்சத்தை யார் உண்டாக்கியது என்று கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். குடும்பக் குழுவில் ஒரு பேத்தி துணிந்து தமிழ் எழுத்தில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறாள் என்று வையுங்கள். வாழ்த்துக்கு ழகரம் போடாமல் ளகரம் போட்டுவிட்டாள். மாமா உடனே சிரிக்கும் பொம்மை நான்கைப் போடுகிறார். பெரியப்பா, 'தமிழ்ப் பள்ளியில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?' என்று கேட்கிறார். வாழ்த்துப் பெற்றவரோ நன்றி சொல்ல மறந்துவிடுகிறார். அடுத்த ஆண்டு அந்தப் பேத்தி எந்த எழுத்தில் வாழ்த்துவாள்? ஒருவேளை வெறும் கேக் படம் மட்டும் போடுவாள். அதே பெரியப்பா தம் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையோடு எழுதும்போது யாரும் சிரிப்பதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

சரி, ரூமியிலேயே எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? இதுவும் நியாயமான கேள்விதான். நண்பர்களுக்குள் அரட்டைக்கு அது போதும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வரியில் கலந்து, கடைசியில் ஒரு 'லா' போட்டு முடிக்கும் நம் ஊர்ப் பேச்சுக்கு அது தோதாகவும் இருக்கிறது. ஆனால் அரட்டையைத் தாண்டினால் கதை மாறுகிறது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. வி, ஏ, எல், ஐ என்று நான்கு ஆங்கில எழுத்து. இதை வலி என்றும் படிக்கலாம், வழி என்றும் படிக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் தாத்தாவைப் பார்த்துவிட்டு ஒருவர் குழுவில் இரண்டே சொல் எழுதுகிறார். வலி இல்லை என்று எழுதியிருந்தால் வீட்டில் நிம்மதி. வழி இல்லை என்று எழுதியிருந்தால் எல்லாரும் உடனே புறப்பட வேண்டும். ரூமியில் இரண்டும் ஒன்றே. இப்படிப் பள்ளியும் பல்லியும், மனமும் மணமும், அறமும் அரமும் ஒன்றாகிப் போன பட்டியலை நேயர்களே நீட்டிக்கொள்ளலாம். ழகரத்துக்கு இசட், எச் போடலாமே என்றால், அதைப் போடுபவர் சிலர், எல் போடுபவர் பலர். தேசியப் பள்ளியில் படித்தவர் மலாய் எழுத்துக்கூட்டலை ஒட்டி எழுதுவார், மற்றவர் ஆங்கிலத்தை ஒட்டி எழுதுவார். ஒரே வீட்டில் அண்ணன் எழுதும் ரூமித் தமிழுக்கும் தங்கை எழுதும் ரூமித் தமிழுக்கும் எழுத்துக்கூட்டல் வேறு. போன மாதம் யாரோ அனுப்பிய கல்யாண மண்டப முகவரியைக் குழுவில் தேட வேண்டுமானால், எந்த எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடுவது?

பிரிக்பீல்ட்ஸ் என்றவுடன் பலருக்கு நினைவு வருவது 2010இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியா தோரணங்களும் துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளும்தான். ஆனால் 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் பலர் வாழ்கிறார்கள், உழைக்கிறார்கள். அவர்கள் கைப்பேசியைக் காதால் படிக்கிறார்கள். திரையில் இருப்பதை மென்பொருள் குரலாக வாசித்துச் சொல்லும். தமிழ் எழுத்தில் வந்த செய்தியானால், தமிழ்க் குரல் அதைத் தமிழாகவே வாசிக்கும். ரூமியில் வந்த தமிழை அது ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் காதில் விழுவது எந்த மொழியும் அல்ல. நண்பர் பார்வையற்றவராக இருந்தால் அவருக்கு ரூமித் தமிழ் அனுப்புவது, கண்ணுள்ளவருக்குக் கட்டம் கட்டமாக அனுப்புவதற்குச் சமம்.

மொழி ஒன்று தன் எழுத்தை மாற்றிக்கொள்வது உலகில் நடக்காத காரியமல்ல. துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே மலாய் மொழி அந்தப் பாதையைக் கடந்து வந்தது. பல நூற்றாண்டுகள் மலாய் ஜாவி எழுத்தில்தான் எழுதப்பட்டது. 1939இல் சிங்கப்பூரில் தொடங்கிய உத்துசான் மெலாயு நாளேடு ஜாவியில்தான் வெளிவந்தது. தேசிய மொழியின் எழுத்து ரூமி என்று பின்னர் தேசிய மொழிச் சட்டம் வகுத்தது, ஜாவியைத் தடை செய்யவில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. 1972இல் இந்தோனேசியாவுடன் சேர்ந்து எழுத்துக்கூட்டலை ஒழுங்குபடுத்தினார்கள். அதனால் மலாய் மொழிக்கு ஆக்கமும் வந்தது. ஆனால் தாத்தா ஜாவியில் எழுதிவைத்த கடிதத்தைப் பேரன் படிக்கத் தடுமாறும் வீடுகள் மலாய்க் குடும்பங்களில் இன்றும் உண்டு.

அங்கே ஓர் அரசு முடிவெடுத்தது, சட்டம் வந்தது, பாடநூல் வந்தது, எல்லாருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வந்தது. நம் விஷயத்தில் யாரும் முடிவெடுக்கவில்லை. எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை. ரயிலில், மதிய உணவு இடைவேளையில், தூங்கப் போகும் முன் படுக்கையில், ஆளுக்கு நான்கு வரியாக அது நடந்துகொண்டிருக்கிறது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது வருத்தப்படாதவர் இல்லை. பத்திரிகை நிற்பது கண்ணுக்குத் தெரியும், செய்தியாகும். ஒரு குடும்பக் குழுவில் தமிழ் எழுத்து நின்றுபோனால் யாருக்கும் தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தும் எழுதாதவர்களைப் பற்றி. தெரியாதவர்கள் வேறு ரகம். அவர்களை இவர்களோடு சேர்த்துக் குறை சொல்லக்கூடாது. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. தேசியப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் தமிழ் ஒரு பாடம்தான். அதற்கும், குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வகுப்பு நடத்தலாம் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் ஏற்பாடு. பதினான்கு பேர் இருந்த பள்ளியில் படித்த பிள்ளை என்ன செய்யும்? வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும். பாட்டியோடு மணிக்கணக்காகச் சிரித்துப் பேசும். எழுத்து மட்டும் தெரியாது.

இப்படிப்பட்டவர்களுக்கு இணையம் உண்மையிலேயே ஒரு வழியைத் திறந்திருக்கிறது. கூகுள் 2017இல் தமிழுக்குக் குரல்வழித் தட்டெழுத்தைக் கொண்டுவந்தது. கைப்பேசியிடம் தமிழில் பேசினால் அது தமிழ் எழுத்தாக எழுதித் தருகிறது. மொழிப் பட்டியலில் தமிழ் என்பதோடு மலேசியா என்றே தனித் தெரிவும் உண்டு. எழுத்துத் தெரியாத பேரன் பேசுகிறான், கைப்பேசி எழுதுகிறது, பாட்டி படிக்கிறார். பாட்டி தமிழில் எழுதி அனுப்பினால், அதைக் கைப்பேசியையே வாசிக்கச் சொல்லிப் பேரன் கேட்டுக்கொள்ளலாம். குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பசார் மாலாம் என்று சொன்னால் அது வேறு எதையாவது எழுதிவைக்கும், ஊர்ப் பெயர்களில் தடுமாறும். ஆனால் பாட்டிக்கு அந்தப் பிழைகள் ஒரு பொருட்டே அல்ல. பசார் மாலாமுக்குத்தான் போயிருக்கிறான் என்று ஊகித்துக்கொள்ள அவருக்குத் தெரியும். பேரனின் மழலையை எழுபது தடவை புரிந்துகொண்டவர்தானே.

எழுத்துத் தெரிந்து கூச்சப்படுபவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அஞ்சல் முறையில் என் என்று தட்டினால், சொல்லின் முதலில் அது தந்நகரமாகவே வரும், நடுவிலும் கடைசியிலும் றன்னகரமாக வரும். தகரத்துக்கு முன்னால் எது வரவேண்டும், சகரத்துக்கு முன்னால் எது வரவேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பள்ளியில் ஆசிரியரிடம் அடிவாங்கிக் கற்ற விதிகளில் பாதியை மென்பொருள் ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுதுபவர் நினைவில் வைக்க வேண்டியவை ளகரம், ழகரம், ணகரம், றகரம் என்று நான்கைந்துதான். சொல்லைத் தொடங்கும்போதே முழுச் சொல்லையும் எடுத்துக்காட்டும் வசதி செல்லினம் போன்ற செயலிகளில் இருப்பதால், அந்த நான்கைந்திலும் பல நேரம் தப்பிவிடலாம்.

பெரியவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. பேத்தி பிழையோடு தமிழில் எழுதினால், சிரிக்கும் பொம்மையைப் போடாமல் பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். அவள் தவறாக எழுதிய சொல் உங்கள் பதிலில் சரியாக வந்தால் அவளே பார்த்துக்கொள்வாள். பல பெரியவர்கள் கைப்பேசியில் தட்டெழுதத் தெரியாமல் பூப்படத்தையும் காலை வணக்கப் படத்தையும் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பேரன் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கொடுத்து, அமைப்புப் பகுதிக்குள் மொழியும் விசைப்பலகையும் இருக்கும் இடத்தில் தமிழைச் சேர்த்துத் தரச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை. இந்திய எழுத்துமுறைக்கும் அஞ்சல் முறைக்கும் தமிழ்99 முறைக்கும் வேறுபாடு என்ன என்று அவன் கேட்டால், பாட்டிக்குத் தமிழ்99 எளிது என்று சொல்லிவைக்கலாம். ஆங்கில எழுத்தே தெரியாவிட்டாலும் அதில் எழுத முடியும். உயிரும் மெய்யும் அதில் தமிழாகவே பொறித்திருக்கும், ககரத்தைத் தொட்டு ஆகாரத்தைத் தொட்டால் 'கா' வந்துவிடும். பேரனுக்கு அஞ்சலை வைத்துக்கொள்ளட்டும்.